முதல் கேமை உருவாக்குவது எப்படி? 50 ஆண்டு பழைய ஆர்கேட் கேம்கள் கற்றுத்தரும் புரோகிராமிங் பாடம்

கேம் விளையாடுபவர்களுக்கு ஏதோ ஒரு கட்டத்தில் அந்த ஆசை வந்துவிடும்: 'நாமே ஒரு கேம் செஞ்சா என்ன?' உடனே லேப்டாப்பைத் திறப்பார்கள். பெரிய சாஃப்ட்வேர் ஒன்றை டவுன்லோடு செய்வார்கள். யூடியூப் வீடியோவைப் பார்த்துப் பார்த்து மலை, மரம், கார், துப்பாக்கி எல்லாம் கொண்டுவந்து வைப்பார்கள். இரண்டாவது வாரம் ஒரு எர்ரர் வரும். அது ஏன் வந்தது, எங்கே வந்தது என்றே புரியாது. மூன்றாவது வாரம் லேப்டாப் மூடப்படும். 'நமக்கெல்லாம் இது செட் ஆகாது' என்ற முடிவோடு ஆசையும் மூட்டை கட்டப்படும்.

உண்மையில் குறை திறமையில் இல்லை, தொடங்கிய இடத்தில்தான். நூற்றுக்கணக்கானவர்கள் பல ஆண்டுகள் உழைத்து உருவாக்கும் கேமை ஒருவர் தன் முதல் முயற்சியிலேயே செய்ய நினைப்பது, சைக்கிள் பழகாமல் நேராக லாரியில் ஏறுவது போன்றது.

அப்படியென்றால் எங்கே தொடங்குவது? உலகம் முழுக்கப் பல பயிற்சி வகுப்புகள் சொல்லும் பதில் ஒன்றுதான்: 1970, 80-களின் சின்னச் சின்ன ஆர்கேட் கேம்கள். அவை ஏன் நல்ல பாடம், எந்த வரிசையில் செய்யலாம், என்ன செலவாகும், எங்கே தடுமாறுவார்கள்? விரிவாகப் பார்க்கலாம்.

ஆர்கேட் கேம் என்றால் என்ன?

காசு போட்டு விளையாடும் பெட்டி வடிவ மெஷின்கள் வைக்கப்பட்ட இடங்களுக்கு ஆர்கேட் என்று பெயர். அந்த மெஷின்களுக்காக உருவானவை ஆர்கேட் கேம்கள். ஒரே ஸ்கிரீன், இரண்டு மூன்று பட்டன்கள், ஒரே ஒரு விதி. பத்து விநாடியில் விளையாடப் புரிந்துவிட வேண்டும். ஆனால் ஜெயிப்பது சுலபமாக இருக்கக் கூடாது.

புதிதாகக் கற்பவருக்கு இதுதான் பெரிய வசதி. கதை, வசனம், முப்பரிமாணக் காட்சி எதுவும் தேவையில்லை. ஒரு செவ்வகமும் ஒரு வட்டமும் போதும். படம் வரையத் தெரியாதவரும் முழு கேம் ஒன்றைச் செய்து முடிக்கலாம். இங்கே 'முடிக்கலாம்' என்பதுதான் முக்கியமான வார்த்தை. பாதியில் நிற்கும் பத்து பெரிய கேம்கள் கற்றுத்தராததை, முடிந்த ஒரு சின்ன கேம் கற்றுத்தந்துவிடும்.

பாங்: பயிற்சிக்காகப் பிறந்த கேம்

1972-ம் ஆண்டு. அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் அடாரி நிறுவனம் அப்போதுதான் தொடங்கப்பட்டிருந்தது. அங்கே புதிதாகச் சேர்ந்த இன்ஜினியர் ஆலன் அல்கார்ன். வீடியோ கேம் செய்து அவருக்கு முன்அனுபவம் இல்லை. நிறுவனர் நோலன் புஷ்னெல் அவரிடம் ஒரு வேலையைக் கொடுத்தார்: இரண்டு மட்டை, ஒரு பந்து, நடுவில் ஒரு கோடு, மேலே ஸ்கோர். பெரிய நிறுவனம் ஒன்றின் ஆர்டர் இது என்றும் சொன்னார். அப்படி ஒரு ஆர்டரே இல்லை. அல்கார்ன் கை பழக வேண்டும் என்பதற்காகக் கொடுத்த பயிற்சி அது.

ஆனால் அல்கார்ன் செய்துகாட்டியது எதிர்பார்த்ததைவிட நன்றாக வந்துவிட்டது. மட்டையை எட்டுப் பகுதிகளாகப் பிரித்து, பந்து எந்தப் பகுதியில் படுகிறதோ அதற்கேற்ப அது திரும்பும் கோணம் மாறும்படி செய்தார். ஆட்டம் நீள நீளப் பந்தின் வேகமும் கூடியது. சன்னிவேல் நகரில் உள்ள ஒரு மதுக்கூடத்தில் சோதனைக்காக மெஷினை வைத்தார்கள். கொஞ்ச நாளில் மெஷின் ரிப்பேர் என்று அழைப்பு வந்தது. போய்த் திறந்து பார்த்தால், உள்ளே பழுது எதுவும் இல்லை. காசு போடும் பெட்டி நிரம்பி வழிந்ததால்தான் மெஷின் நின்றிருந்தது.

வீடியோ கேம் துறையின் முதல் பெரிய வணிக வெற்றி இப்படித்தான் ஒரு பயிற்சியில் இருந்து வந்தது. இன்னொரு சுவாரஸ்யம்: அந்த ஒரிஜினல் பாங் மெஷினில் புரோகிராமே கிடையாது. பிராசஸரும் இல்லை. எல்லாமே மின்சுற்றுகள். அன்று ஒரு இன்ஜினியர் மாதக்கணக்கில் செய்த வேலையை, இன்று ஒரு மாணவர் சுமார் நூறு வரி கோடில் செய்துவிட முடியும்.

கேமுக்குள் என்னதான் நடக்கிறது?

எந்த கேமாக இருந்தாலும் அதன் நடுவில் சுழல்வது ஒரே சக்கரம். இதற்கு 'கேம் லூப்' என்று பெயர். அது மூன்று வேலைகளைத் திரும்பத் திரும்பச் செய்கிறது.

ஒன்று: விளையாடுபவர் எந்த பட்டனை அழுத்தியிருக்கிறார் என்று பார்க்கும்.

இரண்டு: அதற்கேற்ப எல்லாப் பொருள்களின் இடத்தையும் மாற்றும். பந்து நகர்ந்ததா, மோதியதா, ஸ்கோர் ஏறியதா என்று கணக்குப் போடும்.

மூன்று: பழைய படத்தை அழித்துவிட்டுப் புதிய படத்தை வரையும்.

பெரும்பாலான கேம்களில் இது விநாடிக்கு 60 முறை நடக்கும். கண்ணுக்கு அது அசைவாகத் தெரியும். சினிமாவில் நடப்பதும் இதேதான். ஒரே வித்தியாசம், சினிமாவில் அடுத்த படம் ஏற்கெனவே தயாராக இருக்கும். கேமில் அடுத்த படம் விளையாடுபவரின் விரலைப் பொறுத்து அந்த நொடியில் உருவாகும்.

முதல் கேம் பாங்: படிப்படியாக எப்படி?

800 பிக்சல் அகலம், 600 பிக்சல் உயரம் கொண்ட ஒரு விண்டோவை எடுத்துக்கொள்வோம். பந்தின் இடத்தைச் சொல்ல இரண்டு எண்கள் வேண்டும். இடமிருந்து எவ்வளவு தூரம் என்பது எக்ஸ். மேலிருந்து எவ்வளவு தூரம் என்பது ஒய். பள்ளிக்கூட கிராஃப் தாளில் ஒய் மேல்நோக்கிக் கூடும். பெரும்பாலான 2டி கேம் டூல்களில் ஒய் கீழ்நோக்கிக் கூடும். முதல் நாளில் பலரும் குழம்பும் இடம் இது.

பந்து சரியாக நடுவில் இருந்தால் எக்ஸ் 400, ஒய் 300. அதன் வேகம் விநாடிக்கு 300 பிக்சல் என்றால், விநாடிக்கு 60 முறை சுழலும் லூப்பில் ஒவ்வொரு முறையும் 5 பிக்சல் நகர வேண்டும். அதாவது எக்ஸுடன் 5-ஐக் கூட்ட வேண்டும். பந்து நகர ஆரம்பித்துவிடும். அவ்வளவுதான்!

மேல் சுவரிலோ கீழ்ச் சுவரிலோ பட்டால் பந்து திரும்ப வேண்டும். அதற்கு ஒய் வேகத்தின் முன்னால் உள்ள குறியை மாற்றினால் போதும். கூட்டல் கழித்தலாகும், கழித்தல் கூட்டலாகும். மட்டையில் பட்டால் எக்ஸ் வேகத்துக்கும் இதே வைத்தியம்.

பந்து மட்டையில் பட்டதா என்று எப்படித் தெரியும்? இரண்டையும் செவ்வகமாக நினைத்துக்கொண்டு நான்கு கேள்விகள் கேட்க வேண்டும். பந்தின் வலது ஓரம் மட்டையின் இடது ஓரத்தைத் தாண்டிவிட்டதா? பந்தின் இடது ஓரம் மட்டையின் வலது ஓரத்துக்கு முன்னால் இருக்கிறதா? பந்தின் அடிப்பக்கம் மட்டையின் மேல்பக்கத்துக்குக் கீழே வந்துவிட்டதா? பந்தின் மேல்பக்கம் மட்டையின் அடிப்பக்கத்துக்கு மேலே இருக்கிறதா? நான்குக்கும் 'ஆம்' என்றால் மோதல். ஒன்றுக்கு 'இல்லை' என்றாலும் மோதல் இல்லை. செவ்வகத்தை வைத்து மோதலைக் கண்டுபிடிக்கும் எந்த 2டி கேமுக்கும் இந்த நான்கு கேள்விகள்தான் அடிப்படை.

பந்து மட்டையில் ஒட்டிக்கொண்டு நடுங்குகிறதே, ஏன்?

பாங் செய்யும் பலரும் சந்திக்கும் முதல் பெரிய தலைவலி இது. பந்து மட்டையில் படும், ஆனால் திரும்பாமல் அங்கேயே ஒட்டிக்கொண்டு படபடவென்று ஆடும்.

காரணம் எளிது. பந்து மட்டைக்குள் கொஞ்சம் புகுந்துவிட்டது. மோதல் என்று திசை மாறியது. ஆனால் அடுத்த சுற்றிலும் பந்து முழுசாக வெளியே வரவில்லை. மறுபடி மோதல், மறுபடி திசை மாற்றம். உள்ளே, வெளியே, உள்ளே, வெளியே. இதற்குத் தீர்வு இரண்டு. மோதியவுடன் பந்தை மட்டையின் ஓரத்துக்கு வெளியே எடுத்து வைத்துவிடலாம். அல்லது பந்து மட்டையை நோக்கி வரும்போது மட்டும் திசையை மாற்றலாம்.

இதற்கு நேர் எதிரான பிரச்னையும் உண்டு: பந்து மட்டையைத் துளைத்துக்கொண்டு போய்விடும். விநாடிக்கு 1,200 பிக்சல் வேகத்தில் போகும் பந்து ஒரு சுற்றில் 20 பிக்சல் தாவும். பந்தும் சின்னது, மட்டையின் தடிமனும் 10 பிக்சல்தான் என்றால், ஒரு சுற்றில் மட்டைக்கு முன்னாலும் அடுத்த சுற்றில் மட்டைக்குப் பின்னாலும் பந்து இருக்கும். நடுவில் மோதல் என்ற ஒன்று நடக்கவே இல்லை. வேகத்துக்கு ஒரு உச்சவரம்பு வைப்பதும், ஒரு சுற்றின் நகர்வைச் சின்னச் சின்ன அடிகளாகப் பிரித்து ஒவ்வொரு அடியிலும் சோதிப்பதும் வழக்கமான தீர்வுகள்.

இந்த இரண்டு பிழைகளையும் தானாகவே கண்டுபிடித்துச் சரிசெய்தவர், பத்து வீடியோ பார்த்தவரைவிட முன்னால் இருக்கிறார் என்று தாராளமாகச் சொல்லலாம்.

ஒரு போனில் மெதுவாக, இன்னொரு போனில் வேகமாக ஓடுவது ஏன்?

சில போன்களின் ஸ்கிரீன் விநாடிக்கு 60 முறை புதுப்பிக்கும். சிலவற்றில் 120 முறை. 'ஒவ்வொரு சுற்றுக்கும் 5 பிக்சல்' என்று எழுதிவைத்தால், இரண்டாவது போனில் பந்து இரட்டை வேகத்தில் பறக்கும். அதனால்தான் கடந்த சுற்றுக்கும் இந்தச் சுற்றுக்கும் இடையே எவ்வளவு நேரம் ஆனது என்று அளந்து, வேகத்தை அந்த நேரத்தால் பெருக்குவார்கள். இதை 'டெல்டா டைம்' என்கிறார்கள். வேகம் பெருக்கல் நேரம், வருவது தூரம். பள்ளியில் படித்த அதே கணக்கு.

இரண்டாவது கேம்: பாம்பு

2000-ம் ஆண்டு வந்த நோக்கியா 3310 போனைக் கையில் வைத்திருந்த தலைமுறைக்கு இந்த கேமை அறிமுகப்படுத்தத் தேவையில்லை. நோக்கியா போனில் பாம்பு கேம் முதலில் வந்தது 1997-ல் அறிவிக்கப்பட்ட 6110 மாடலில். புரோகிராம் எழுதியவர் ஃபின்லாந்தைச் சேர்ந்த டானெலி அர்மான்டோ. ஆனால் இந்த வகை கேமின் மூதாதை அதற்கும் முந்தையது. 1976-ல் வந்த 'பிளாக்கேட்' என்ற ஆர்கேட் கேம்.

பாம்பு கற்றுத்தரும் பாடம் 'லிஸ்ட்'. ஸ்கிரீனை 20 பிக்சல் கட்டங்களாகப் பிரித்தால் 40-க்கு 30, மொத்தம் 1,200 கட்டங்கள் கிடைக்கும். பாம்பு என்பது அந்தக் கட்டங்களின் ஒரு வரிசைப் பட்டியல். பாம்பு நகர்வது போலத் தெரிந்தாலும் உடல் முழுவதும் நகர்வதில்லை. தலைப்பக்கம் ஒரு கட்டத்தைச் சேர்க்க வேண்டும், வால்பக்கம் ஒரு கட்டத்தை நீக்க வேண்டும். இரை சாப்பிட்டால் வாலை நீக்காமல் விட்டுவிட வேண்டும். பாம்பு தானாக ஒரு கட்டம் வளர்ந்துவிடும்.

இதிலும் ஒரு பிழை காத்திருக்கிறது. பாம்பு வலப்பக்கம் போய்க்கொண்டிருக்கும்போது மேல் பட்டனையும் இடது பட்டனையும் படபடவென்று அடுத்தடுத்து அழுத்தினால், பாம்பு ஒரு கட்டம்கூட மேலே போகாமல் நேராகத் திரும்பித் தன் கழுத்தையே கடித்துச் செத்துப்போகும். கடைசியாக அழுத்திய பட்டனோடு ஒப்பிடாமல், பாம்பு கடைசியாக உண்மையில் நகர்ந்த திசையோடு ஒப்பிட்டுத்தான் எதிர்த்திசையைத் தடுக்க வேண்டும்.

மூன்றாவது கேம்: செங்கல் உடைக்கும் பிரேக்அவுட்

1976-ல் அடாரி வெளியிட்ட கேம் இது. இதன் மாதிரியை உருவாக்கும் பொறுப்பு அங்கே வேலை பார்த்த ஸ்டீவ் ஜாப்ஸிடம் வந்தது. அவர் தன் நண்பர் ஸ்டீவ் வோஸ்னியாக்கை அழைத்தார். வோஸ்னியாக் நான்கே நாளில் சர்க்யூட்டை வடிவமைத்துக் கொடுத்தார். அந்த கேமை சாஃப்ட்வேரில் எழுதிப் பார்க்க வேண்டும் என்ற ஆசை, 1977-ல் வந்த ஆப்பிள் 2 கம்ப்யூட்டரின் பல வசதிகளுக்குக் காரணமானது.

பாங் செய்தவருக்கு இதில் பாதி வேலை ஏற்கெனவே முடிந்துவிட்டது. மட்டையைக் கீழே படுக்க வைத்துவிட்டு, மேலே செங்கற்களை அடுக்க வேண்டும். ஒவ்வொரு செங்கல்லுக்கும் தனித்தனியாகக் கோடு எழுதாமல், வரிசை, நிரை என்று ஒரு லூப்புக்குள் இன்னொரு லூப் வைத்து 60 செங்கற்களையும் ஆறேழு வரியில் அடுக்கிவிடலாம். புரோகிராமிங்கின் உண்மையான சக்தி பலருக்கும் முதன்முதலில் புரிவது இங்கேதான்.

எச்சரிக்கை: பட்டியலை வரிசையாகப் படித்துக்கொண்டிருக்கும்போதே அதிலிருந்து ஒரு செங்கல்லை நீக்கினால், அடுத்த செங்கல் ஓரிடம் முன்னால் நகர்ந்து, சோதனையில் இருந்து தப்பிவிடும். உடைந்த செங்கல்லுக்கு ஒரு அடையாளம் மட்டும் வைத்துவிட்டு, படித்து முடித்த பிறகு நீக்குவது பாதுகாப்பு.

நான்காவது கேம்: ஸ்பேஸ் இன்வேடர்ஸ்

1978-ல் ஜப்பானின் டைட்டோ நிறுவனம் வெளியிட்டது. உருவாக்கியவர் தொமோஹிரோ நிஷிகாடோ. 11 பேர் கொண்ட 5 வரிசை, மொத்தம் 55 வேற்றுகிரகவாசிகள். ஓரத்தைத் தொட்டதும் ஒரு படி கீழே இறங்கித் திசை மாறுவார்கள். எதிரிகள் குறையக் குறைய மிச்சம் இருப்பவர்களின் வேகம் கூடும்; விளையாடுபவரின் இதயத்துடிப்பும் கூடும்.

இந்த வேகம் எப்படி வந்தது தெரியுமா? மெஷினின் பிராசஸருக்கு 55 பேரையும் ஒரே நேரத்தில் நகர்த்தும் சக்தி இல்லை. எதிரிகள் செத்துக் குறைந்ததும் அதன் பாரம் குறைந்து வேகம் தானாகக் கூடியது. நிஷிகாடோ அதைக் குறையாக நினைத்து மாற்றவில்லை. அப்படியே கேமின் அம்சமாக வைத்துக்கொண்டார்.

கற்பவருக்கு இங்கே கிடைப்பது ஒரே மாதிரியான பல பொருள்களைச் சமாளிக்கும் வித்தை. 'எதிரி' என்று ஒரு அச்சு செய்துவிட்டு அதிலிருந்து 55 பிரதிகள் எடுப்பது. இதை புரோகிராமிங்கில் 'கிளாஸ்' என்கிறார்கள். ஸ்கிரீனுக்கு வெளியே போன தோட்டாக்களை நீக்க மறந்தால் அவை மெமரியில் சேர்ந்துகொண்டே போய் கேமை மந்தமாக்கும் என்பதும் இங்கே கிடைக்கும் பாடம்தான்.

ஐந்தாவது கேம்: பறக்கும் பறவை

இது ஆர்கேட் காலத்து கேம் இல்லை. ஆனால் ஆர்கேட் பாணி. வியட்நாமைச் சேர்ந்த டாங் நுயென் 2013 மே மாதம் வெளியிட்ட ஃபிளாப்பி பேர்டு, 2014 தொடக்கத்தில் உலகம் முழுக்கப் பரவியது. மக்கள் அதற்கு அடிமையாகிறார்கள் என்று சொல்லி, புகழின் உச்சியில் 2014 பிப்ரவரியில் அவரே அதை நீக்கிவிட்டார்.

இதன் மையம் புவியீர்ப்பு. ஒவ்வொரு சுற்றிலும் பறவையின் கீழ்நோக்கிய வேகத்தில் கொஞ்சம் கூட்ட வேண்டும். ஸ்கிரீனைத் தொட்டால் வேகத்தை மேல்நோக்கி மாற்ற வேண்டும். உதாரணமாக, விநாடிக்கு 1,200 பிக்சல் என்ற அளவில் வேகம் கூடிக்கொண்டே போகிறது என்று வைத்துக்கொள்வோம். தொட்டதும் மேல்நோக்கிய வேகம் 400 என்றால், பறவை மூன்றில் ஒரு விநாடியில் சுமார் 67 பிக்சல் உயரம் போய், பிறகு விழத் தொடங்கும். இந்த இரண்டு எண்களை மாற்றி மாற்றி விளையாடிப் பார்த்தால் ஒரு உண்மை விளங்கும். கேம் 'கடுப்பேற்றுவதும்' 'இழுத்துப் பிடிப்பதும்' இந்த எண்களுக்கு நடுவில்தான் இருக்கிறது. பிளஸ் ஒன் இயற்பியல் புத்தகத்தில் சலிப்பாகத் தெரிந்த சமன்பாடு இங்கே சிறகடிக்கும்.

பேக்-மேனை எப்போது தொடலாம்?

மேலே சொன்ன ஐந்தும் முடிந்த பிறகு. 1980-ல் நாம்கோ நிறுவனத்தின் தோரு இவதானி வடிவமைத்த பேக்-மேனில் நான்கு பேய்களும் நான்கு விதமாக யோசிக்கின்றன. சிவப்புப் பேய் நேராகத் துரத்தும். இளஞ்சிவப்புப் பேய் பேக்-மேனுக்கு நான்கு கட்டம் முன்னால் குறிவைத்து வழிமறிக்கும். ஆரஞ்சுப் பேய் தொலைவில் இருக்கும்போது துரத்தும், எட்டுக் கட்டத்துக்குள் வந்ததும் தன் மூலைக்கு ஒதுங்கும். நீலப் பேய், சிவப்புப் பேய் எங்கே இருக்கிறது என்பதையும் சேர்த்துக் கணக்குப் போடும். நான்கு எளிய விதிகள் சேர்ந்தால், திட்டம் போட்டுச் சுற்றி வளைப்பது போன்ற உணர்வு வந்துவிடுகிறது.

அந்த கேமின் 256-வது லெவலில் பாதி ஸ்கிரீன் குப்பையாகிவிடும். லெவலை எண்ணும் இடத்தில் 0 முதல் 255 வரைதான் வைக்க முடியும் என்பது அதற்குக் காரணம். உலகப் புகழ்பெற்ற கேமிலும் பிழை உண்டு என்பது புதியவர்களுக்கு ஒரு ஆறுதல்.

எந்த மொழி, எந்த டூல்? எவ்வளவு செலவு?

புரோகிராமிங்கே தெரியாத பள்ளி மாணவர்களுக்கு ஸ்கிராட்ச். அமெரிக்காவின் எம்ஐடி உருவாக்கி 2007-ல் வெளியிட்டது. கோடு தட்டச்சு செய்யாமல் வண்ணக் கட்டைகளை ஒன்றோடொன்று பொருத்தினால் போதும். பிரவுசரிலேயே ஓடும்.

அடுத்த படி பைத்தான் மொழியும் பைகேம் நூலகமும். இன்னும் எளிதாக வேண்டும் என்றால் பைகேம் ஜீரோ. கோடு எழுத எஸ்டோனியாவின் டார்டு பல்கலைக்கழகத்தில் உருவான தானி என்ற சாஃப்ட்வேர் புதியவர்களுக்கு ஏற்றது.

முழு கேம் இன்ஜின் வேண்டும் என்றால் கோடோ. ராயல்டி கிடையாது, சோர்ஸ் கோடும் திறந்தது. ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் இலவச ஆன்லைன் பாடமான சிஎஸ்50 கேம் டெவலப்மென்ட், லுவா மொழியைப் பயன்படுத்துகிறது. அதிலும் முதல் பாடம் பாங்தான். அடுத்து ஃபிளாப்பி பேர்டு, பிறகு பிரேக்அவுட்.

இவை அனைத்துக்கும் ஆகும் செலவு: பூஜ்யம். பழைய லேப்டாப்பே போதும். தனி கிராஃபிக்ஸ் கார்டு தேவையில்லை. படங்களுக்கு, கட்டுப்பாடு இல்லாமல் பயன்படுத்த அனுமதிக்கும் 'கென்னி' தளத்தின் இலவசத் தொகுப்புகள் இருக்கின்றன.

லேப்டாப் இல்லை, போன் மட்டும்தான் என்றால்?

அதற்கும் வழி உண்டு. ஆண்ட்ராய்டு போனில் பைடிராய்டு 3 என்ற ஆப்பில் பைத்தான் எழுதலாம், பைகேமும் ஓட்டலாம். கோடோ இன்ஜினுக்கும் ஆண்ட்ராய்டு எடிட்டர் இருக்கிறது. ஆனால் சின்ன ஸ்கிரீனில் நீளமான கோடு எழுதுவது கண்ணுக்கும் விரலுக்கும் சிரமம். பாங், பாம்பு வரை போனில் சமாளிக்கலாம். அதற்கு மேல் பள்ளி, கல்லூரி கம்ப்யூட்டர் லேபில் கிடைக்கும் நேரத்தைப் பயன்படுத்திக்கொள்வது நல்லது.

ஏஐ கேட்டால் கோடு தருதே, அப்புறம் எதுக்குக் கத்துக்கணும்?

நியாயமான கேள்வி. பாங் எழுதச் சொன்னால் ஏஐ ஒரு நிமிடத்தில் எழுதித் தந்துவிடும். ஆனால் அதில் பந்து மட்டையில் ஒட்டிக்கொண்டால், அது ஏன் என்று புரியாதவர் மறுபடி மறுபடி 'சரிசெய்' என்றுதான் தட்டிக்கொண்டிருக்க வேண்டும். கற்கும் காலத்தில் ஏஐ-யிடம் 'எழுதிக் கொடு' என்று கேட்பதைவிட, 'என் கோடில் இந்த வரி ஏன் வேலை செய்யவில்லை, விளக்கு' என்று கேட்பது பலன் தரும். தான் எழுதிய ஒவ்வொரு வரியையும் இன்னொருவருக்குச் சொல்லிப் புரியவைக்க முடிகிறதா? அதுதான் உரைகல்.

பழைய கேமைக் காப்பி அடித்தால் சட்டச் சிக்கல் வருமா?

வீட்டில் பயிற்சிக்குச் செய்வது வேறு, வெளியிடுவது வேறு. ஒரு கேமின் அடிப்படை யோசனைக்குப் பதிப்புரிமை கிடையாது. பந்து பட்டுச் செங்கல் உடையும் கேமை யார் வேண்டுமானாலும் செய்யலாம். ஆனால் பெயர், படம், இசை, தோற்றம் ஆகியவற்றை அப்படியே எடுக்கக் கூடாது. 2012-ல் டெட்ரிஸ் உரிமையாளர்கள் தொடுத்த வழக்கில், அதன் தோற்றத்தை ஏறக்குறைய அப்படியே பின்பற்றிய ஒரு மொபைல் கேமுக்கு எதிராக அமெரிக்க நீதிமன்றம் தீர்ப்பளித்தது. எனவே வெளியிடும் கேமுக்குச் சொந்தப் பெயர், சொந்தப் படம், கூடவே சொந்தமாக ஒரு புதிய விதி. அதுவே அந்த கேமைத் தனித்துக் காட்டும்.

செய்த கேமை எங்கே வெளியிடுவது?

இட்ச் தளத்தில் கட்டணமின்றி வெளியிடலாம். லிங்கை வாட்ஸ்அப்பில் அனுப்பினால், பிரவுசர் கேமாக இருந்தால் நண்பர்கள் உடனே விளையாடுவார்கள். கூகுள் பிளே ஸ்டோரில் கணக்குத் தொடங்க ஒருமுறைக் கட்டணம் 25 டாலர். புதிய தனிநபர் கணக்காக இருந்தால், பொதுவெளியில் வெளியிடும் முன் குறைந்தது 12 பேரை வைத்து தொடர்ந்து 14 நாள் சோதிக்க வேண்டும். ஆப்பிள் ஆப் ஸ்டோருக்கு ஆண்டுக்கு 99 டாலர். முதல் கேமுக்கு இட்ச் போதும்.

ஆன்லைன் கேமுக்குத்தான் தடை வந்துவிட்டதே?

பெற்றோர் பலருக்கும் இந்தக் குழப்பம் இருக்கிறது. 2025 ஆகஸ்ட்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய ஆன்லைன் கேமிங் சட்டம் தடை செய்வது, பணம் கட்டிப் பணம் ஜெயிக்கும் ஆட்டங்களை. பணப்பந்தயம் இல்லாத சாதாரண கேம்களையும் இ-ஸ்போர்ட்ஸையும் ஊக்குவிப்பதாகவே அந்தச் சட்டம் சொல்கிறது. கேம் உருவாக்கக் கற்பதற்கும் சூதாட்டத்துக்கும் சம்பந்தம் இல்லை.

கோர்ஸுக்குப் பணம் கட்டும் முன்...

கேம் டெவலப்மென்ட் படிப்பு என்று பெரிய தொகை கேட்கும் விளம்பரங்கள் நிறைய வருகின்றன. எல்லாமே மோசம் என்று சொல்ல முடியாது. ஆனால் பணம் கட்டும் முன் ஒரு எளிய சோதனை செய்யலாம். பாங், பாம்பு, பிரேக்அவுட் மூன்றையும் இலவச டூல்களை வைத்துச் செய்து முடிக்க வேண்டும். 'முடிப்பது' என்றால் தொடக்க ஸ்கிரீன், ஸ்கோர், சத்தம், கேம் ஓவர், மறுபடி விளையாடும் வசதி எல்லாமே இருக்க வேண்டும். பந்து நகர்ந்துவிட்டால் கேம் முடிந்துவிட்டது என்று அர்த்தமில்லை. மீதி வேலை அங்கேதான் தொடங்குகிறது.

மூன்றையும் முடித்த பிறகும் ஆர்வம் குறையாமல் இருந்தால், துணிந்து அடுத்த கட்டத்துக்குப் போகலாம். நேர்காணலிலும் சான்றிதழோடு சேர்த்துக் காட்ட, விளையாடிப் பார்க்கக்கூடிய மூன்று கேம்கள் கையில் இருக்கும். ஒருவேளை நடுவிலேயே 'இது நமக்குப் பிடிக்கவில்லை' என்று தெரிந்துவிட்டாலும் நஷ்டமில்லை. வீட்டில் கடன் வாங்கிக் கட்டிய பணம் எதுவும் போகவில்லை. லிஸ்ட், லூப், கிளாஸ் என்று கற்றது எந்த சாஃப்ட்வேர் வேலைக்கும் உதவும்.

வீட்டில் பிள்ளை எந்நேரமும் கேமும் கையுமாக இருக்கிறதா? திட்டுவதற்குப் பதிலாக 'நீயே ஒண்ணு செஞ்சு காட்டேன்' என்று சொல்லிப் பார்க்கலாம். ஒரு வாரம் கழித்து, கறுப்பு ஸ்கிரீனில் வெள்ளைப் பந்து ஒன்று சுவரில் மோதித் திரும்பினால், அந்தப் பிள்ளை அதன் பிறகு எந்த கேமையும் பழைய கண்ணோடு பார்க்காது.